இதயம் ஓய்ந்திருக்கும் வேளையில் இரத்தத்தைக் காப்பவர்

பெரியகல்லாற்றில் ஒரு பெண் இதய சத்திரசிகிச்சை முடித்து வீடு திரும்பினால் அயலெல்லாம் வந்து பார்த்துப் போகும். ஹோர்லிக்ஸ் போத்தலும் பழங்களும் கொண்டு வருவார்கள். "எத்தினை தையல் போட்டிரிக்காங்க புள்ள?" என்பதுதான் பெரும்பாலும் முதற் கேள்வியாக இருக்கும். அடுத்து, "ஆரு டொக்டர் செய்த?" என்று கேட்பார்கள். வைத்தியரின் பெயர் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஆனால் அந்தச் சத்திரசிகிச்சை நடந்த நேரத்தில் அவளுடைய இதயம் நிறுத்தப்பட்டிருந்ததே, சுவாசப்பை வேலை செய்யவில்லையே, அப்போது அவளுக்கு உயிர்மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது யார் என்று எவரும் கேட்பதில்லை.

அந்த வேலையைச் செய்பவருக்குப் 'பெர்பியூஷனிஸ்ட்' என்று பெயர். இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் என்று தமிழில் சொல்லலாம். நோயாளி அவரைப் பார்த்திருக்கவே மாட்டாள். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது அவர் அங்கே இருப்பதுமில்லை. ஆயினும் அந்தப் பெண் எத்தனை நாளில் எழுந்து நடக்கிறாள், சிறுநீரகம் பழுதில்லாமல் இருக்கிறதா, பிறருடைய இரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா என்பவற்றில் இவருடைய கைக்குப் பெரும் பங்குண்டு. இப்போது சிறு வெட்டு மூலம் செய்யும் இதய சத்திரசிகிச்சை பற்றிப் பலரும் பேசத் தொடங்கியிருக்கும் வேளையில், இவரைப் பற்றி நமது பெண்கள் அறிந்துகொள்வது பயனுள்ளது.

சிறு வெட்டு என்றால் என்ன?

வழமையான இதய சத்திரசிகிச்சையில் நெஞ்சின் நடுவிலுள்ள மார்பெலும்பை மேலிருந்து கீழாக வெட்டித் திறப்பார்கள். முடிவில் உலோகக் கம்பிகளால் எலும்பைப் பொருத்திக் கட்டுவார்கள். அந்த எலும்பு ஒட்டுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை செல்லும். முற்றாக உறுதிப்பட மூன்று மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது.

எமது வீடுகளில் இந்தக் கட்டளையின் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது, தேங்காய் திருவக் கூடாது, உடுப்புத் துவைத்துப் பிழியக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணாயின் மூன்று மாத வருமானமும் இல்லை.

சிறு வெட்டு முறையில் மார்பெலும்பைத் தொடுவதில்லை. வலப்பக்க மார்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு இடையில், ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு வெட்டுப் போட்டு, நீண்ட மெல்லிய கருவிகளாலும் சிறு கமெராவின் உதவியாலும் வேலையைச் செய்கிறார்கள். மைட்ரல் எனப்படும் ஈரிதழ் வால்வைச் சீர்செய்தல் அல்லது மாற்றுதல், பிறவியிலேயே இதயத்தின் மேலறைகளுக்கு இடையில் உள்ள துவாரத்தை அடைத்தல் ஆகியவை இவ்வாறு செய்யப்படுகின்றன. இவ்விரண்டும் பெண்களுக்கு நெருக்கமான நோய்கள். மேலறைத் துவாரம் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போவதும் பெண்களிடமே கூடுதலாக உள்ளது. பலருக்கு முதற் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மூச்சு வாங்கத் தொடங்கிய பின்னரே அது வெளிப்படுகிறது.

இந்த முறை எல்லா இடங்களிலும் செய்யப்படுவதில்லை, எல்லா நோயாளிக்கும் பொருந்துவதுமில்லை. கால் இரத்தக் குழாய்களின் நிலை, நோயின் தன்மை, முன்பு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்ததா என்பவற்றைப் பார்த்தே வைத்தியர் முடிவு செய்வார்.

வெட்டுச் சிறிதானால் இயந்திரத்தின் வேலை கடினம்

இதயத்தைத் திறந்து வேலை செய்யும்போது அது துடிக்கக் கூடாது, உள்ளே இரத்தமும் இருக்கக் கூடாது. எனவே உடலிலுள்ள அசுத்த இரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, ஒரு கொள்கலத்தில் சேர்த்து, பம்பியால் தள்ளி, செயற்கை நுரையீரலுக்கு அனுப்புகிறார்கள். அது ஆயிரக்கணக்கான மெல்லிய துளை இழைகளைக் கொண்ட ஒரு சிறு உருளை. அங்கே இரத்தம் ஒட்சிசனைப் பெற்றுக் காபனீரொட்சைட்டை இழக்கிறது. பின்னர் உரிய வெப்பநிலையில், வடிகட்டப்பட்டு, மீண்டும் உடலுக்குள் செல்கிறது. இந்தச் சுற்று முழுவதையும் கண்காணித்து இயக்குபவரே பெர்பியூஷனிஸ்ட்.

மார்பைத் திறந்து செய்யும்போது பெரிய குழாய்களை நேரே இதயத்தினுள் வைக்கலாம். இரத்தம் தானாகவே பள்ளத்துக்கு வடிந்து வரும். சிறு வெட்டில் அதற்கு இடமில்லை. தொடையிடுக்கிலுள்ள நாளத்தின் ஊடாக மெல்லிய நீண்ட குழாயைச் செலுத்தி இதயம் வரை கொண்டுபோகிறார்கள். தொடை நாடியின் ஊடாக இரத்தத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். மெல்லிய குழாயில் இரத்தம் போதியளவு வடியாது. ஆகவே உறிஞ்சு விசை கொடுக்க வேண்டும். விசை குறைந்தால் இதயத்தினுள் இரத்தம் தேங்கி, சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒன்றும் தெரியாது. விசை கூடினால் செங்குருதிக் கலங்கள் உடையும், காற்றும் உள்ளே இழுபடும். காற்றுக் குமிழ் மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த இரண்டுக்கும் நடுவில் கணத்துக்குக் கணம் அளவு பார்த்து நடத்துவதே அவருடைய திறமை.

இரத்தம் குழாய்களில் உறையாதிருக்க ஹெபரின் மருந்து கொடுக்கப்படும். உறையும் நேரத்தை அவர் அடிக்கடி சோதிப்பார். சாதாரணமாக இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும் அந்த நேரம், இயந்திரத்தில் இருக்கும்வரை 480 செக்கனுக்கு மேல் வைத்திருக்கப்படுவது வழக்கம். இதயத்தை நிறுத்தி வைப்பதற்கான பொற்றாசியம் கலந்த திரவத்தையும் அவரே அளந்து செலுத்துகிறார். முடிவில் உடலை மெதுவாகச் சூடாக்குகிறார். அவசரப்பட்டு அதிகம் சூடாக்கினால் மூளைக்குக் கேடு. மின்சாரம் நின்றால் மின்கலம் இருக்கிறது. அதுவும் நின்றால் பம்பியைக் கையால் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. அதையும் பழகி வைத்திருக்க வேண்டியது அவர் கடமை.

பாலில் தண்ணீர் கலந்ததுபோல

இனி நம் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு வருவோம்.

இயந்திரத்தின் குழாய்கள் வெறுமையாக இருக்க முடியாது. வெறுமை என்றால் காற்று. ஆகவே முதலில் அவற்றை உப்புநீர் போன்ற ஒரு திரவத்தால் நிரப்புவார்கள். வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றேகால் லீற்றர் அல்லது அதற்கு மேலும் இருக்கும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அந்தத் திரவம் நோயாளியின் இரத்தத்தோடு கலந்துவிடும். பாலில் தண்ணீர் ஊற்றியதுபோல இரத்தம் ஐதாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கும். அவருடைய ஹீமோகுளோபின் 14 என்றால், 1.3 லீற்றர் திரவம் கலந்தபின் 11 ஆகும். அது பெரிய குறைவல்ல. இப்போது 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுப்போம். அவளிடம் மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவான இரத்தமே இருக்கும். எமது பெண்கள் பலரைப்போல அவளும் இரத்தச் சோகையுடன் வருகிறாள், ஹீமோகுளோபின் 10 என்று வைத்துக்கொள்வோம். அதே 1.3 லீற்றர் கலந்தால் அது 7 ஆக இறங்கிவிடும்.

ஹீமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமந்து செல்கிறது. அது குறைந்தால் உறுப்புகளுக்குச் செல்லும் ஒட்சிசனும் குறையும். முதலில் தாக்கப்படுவது சிறுநீரகம். வேறு வழியின்றிப் பிறருடைய இரத்தம் ஏற்ற வேண்டி வரும். இரத்தம் ஏற்றுவது உயிர் காக்கும் செயல்தான், ஆனால் தேவைக்கு மேல் ஏற்றினால் தொற்று, சுவாசப்பைக் கோளாறு போன்ற சிக்கல்களும் கூடும், வைத்தியசாலையில் தங்கும் நாட்களும் கூடும். இதய சத்திரசிகிச்சையில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக இரத்தம் ஏற்றப்படுவதற்கு இந்த எளிய கணக்கும் ஒரு காரணம்.

இங்கேதான் நல்ல பெர்பியூஷனிஸ்ட் ஒருவரின் அக்கறை தெரியவரும். நோயாளியின் உயரம், எடை, ஹீமோகுளோபின் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்து அவளுக்கேற்ற சிறிய செயற்கை நுரையீரலையும் குட்டையான குழாய்களையும் தெரிவு செய்கிறார். இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன் நோயாளியின் சொந்த இரத்தத்தையே மெதுவாகக் குழாய்களுக்குள் வரவிட்டு, அங்கிருந்த திரவத்தில் ஒரு பகுதியை வெளியேற்றுகிறார். 1.3 லீற்றரை 0.8 லீற்றராகக் குறைத்தாலே மேலே சொன்ன பெண்ணின் ஹீமோகுளோபின் 7க்குப் பதிலாக 8க்கு அண்மையில் நிற்கும். மேலதிக நீரை வடிகட்டி எடுக்கிறார். சிந்திய இரத்தத்தைச் சேர்த்துக் கழுவி அவளுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

முன்பெல்லாம் உடற்பரப்புக்கு இவ்வளவு இரத்தம் என்று கணக்கிட்டு அனுப்பினால் போதும் என்று எண்ணப்பட்டது. இப்போது உறுப்புகளுக்கு உண்மையில் எவ்வளவு ஒட்சிசன் போய்ச் சேருகிறது என்பதையே பார்க்கிறார்கள். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் நிமிடத்துக்கு 280 மில்லிலீற்றர் ஒட்சிசனுக்குக் குறையக் கூடாது என்பது இலக்கு. பல நாட்டு வைத்தியசாலைகள் இணைந்து நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த இலக்கை வைத்து இயந்திரத்தை இயக்கியபோது சிறுநீரகம் இலேசாகப் பாதிக்கப்படுவது குறைந்தது. மருந்து புதிதல்ல, கருவியும் புதிதல்ல. அளவு பார்த்து இயக்கிய கவனம் மட்டுமே புதிது.

வெட்டின் அளவு மட்டும் போதாது

பிரித்தானியாவில் மைட்ரல் வால்வைச் சீர்செய்யும் 330 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளியானது. சிறு வெட்டு முறையில் சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக ஒரு நாள் முன்னதாக வீடு சென்றார்கள். ஆறாவது வாரத்தில் அவர்களுடைய நடமாட்டம் கூடுதலாக இருந்தது. ஆனால் பன்னிரண்டாவது வாரத்தில் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் உண்டு. சிறு வெட்டு நல்லதுதான், முதல் வாரங்களில் அதன் பயன் பெரிது. வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண்ணுக்கு அந்த வாரங்கள் பொன்னானவை. ஆனால் மார்பெலும்பைத் திறந்து செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் அது தாழ்ந்த சிகிச்சை என்று மனம் சோர வேண்டியதில்லை. வெளியே தெரியும் வெட்டு எதுவாயினும், உள்ளே இரத்தமும் சிறுநீரகமும் மூளையும் காக்கப்பட்டனவா என்பதே பெரிது. சத்திரசிகிச்சைக்குப் பின் விரைந்து குணமடைவதற்கென 2019இல் வெளியிடப்பட்ட சர்வதேச வழிகாட்டலும் இதையே சொல்கிறது. சிகிச்சைக்கு முன்பே உடலைத் தயார் செய்தல், சுவாசக் குழாயைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தல், வலியைக் கட்டுப்படுத்தல், சிறுநீரகத்தைக் கவனித்தல், விரைவில் நடக்க வைத்தல் எல்லாம் சேர்ந்ததே குணமாதல். நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், பெர்பியூஷனிஸ்ட், தாதியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஆகிய எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

தொடக்கத்தில் ஒரு பெண்

இந்த இயந்திரத்தின் கதையிலேயே ஒரு பெண் இருக்கிறாள். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், சுவாசப்பை இரத்தக் குழாயில் கட்டி அடைத்த ஒரு பெண் நோயாளிக்கு அருகில் இரவு முழுவதும் விழித்திருந்தார் ஜோன் கிப்பன் என்ற இளம் வைத்தியர். அந்தப் பெண் பிழைக்கவில்லை. இரத்தத்தைச் சிறிது நேரம் உடலுக்கு வெளியே எடுத்து ஒட்சிசன் ஊட்ட முடிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஆய்வுகூடத்தில் பணியாற்றிய மேரி என்ற பெண்ணை அவர் மணந்தார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே அந்த இயந்திரத்தை உருவாக்கிப் பூனைகளில் பரிசோதித்தார்கள். 1935இல் ஒரு பூனையின் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்து, பின் அதை உயிருடன் மீட்டார்கள். இயந்திரத்தை அருகிருந்து இயக்கிப் பழகிய முதல் மனிதர்களில் மேரி கிப்பனும் ஒருவர்.

1953ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி பிலடெல்பியாவில் 18 வயது இளம் பெண்ணொருத்தியின் இதயத் துவாரத்தை கிப்பன் அடைத்தார். 26 நிமிடங்கள் அவளுடைய இதயத்தினதும் நுரையீரலினதும் வேலையை இயந்திரமே செய்தது. அவள் நலமடைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். இதய நுரையீரல் இயந்திரத்தால் வெற்றிகரமாகக் காப்பாற்றப்பட்ட முதல் உயிர் ஒரு பெண்ணுடையது.

நாம் செய்யக்கூடியவை

எமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் இதய சத்திரசிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் இதற்கான பிரிவுகள் உள்ளன. கல்லாற்றிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். முறை வருவதற்குக் காத்திருக்கவும் வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தை வீணாக்காமல் உடலைத் தயார்படுத்தலாம்.

* உங்கள் ஹீமோகுளோபின் அளவைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். குறைவாக இருந்தால் கிளினிக்கில் சொல்லிச் சிகிச்சை பெறுங்கள். இரும்புச் சத்து மாத்திரை பலன்தர வாரக்கணக்கில் செல்லும். திகதி கிடைத்த பின் தொடங்கினால் காலம் போதாது.

* மாதவிடாயின்போது அதிக இரத்தப்போக்கு இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பல பெண்களின் இரத்தச் சோகைக்கு அதுவே காரணம்.

* சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். முருங்கையிலை, கீரை வகைகளோடு தேசிக்காய்ப் புளி சேருங்கள். வாவி மீனும் நெத்தலியும் நல்லவை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தை இந்தக் காலத்திலாவது விடுங்கள்.

* எடையையும் உயரத்தையும் சரியாக அளக்க விடுங்கள். இயந்திரத்தின் கணக்குகளெல்லாம் அவற்றிலிருந்தே தொடங்குகின்றன.

* மீன் சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு, மூச்சு முட்டல் வருமாயின் கட்டாயம் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை முடிவில் ஹெபரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் என்ற மருந்து மீனிலிருந்து பெறப்படுவது.

* அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் போன்ற மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் பற்றிச் சொல்லுங்கள். வைத்தியர் சொல்லாமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

* சிறு வெட்டு முறையில் சிகிச்சை பெற்று வந்தவர்கள் நெஞ்சுக் காயத்தை மட்டும் பாராமல் தொடையிடுக்குக் காயத்தையும் கவனியுங்கள். அங்கே வீக்கம், சீழ், கால் குளிர்தல், விறைத்தல் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இரத்த தானம் செய்யுங்கள். எவ்வளவு சிக்கனமாக இயந்திரத்தை இயக்கினாலும் சில பெண்களுக்கு இரத்தம் தேவைப்படவே செய்யும்.

பிள்ளைகளின் தொண்டைப் புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். மூட்டுவாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசியைத் தவறவிடாதீர்கள். கர்ப்பிணிகள் முதற் கிளினிக்கிலேயே இதயப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். எமது நாட்டில் தாய்மார் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று.

நமது பிள்ளைகளுக்கு ஒரு வழி

உயர்தரத்தில் உயிரியல் படித்து மருத்துவபீடத்துக்குச் சில புள்ளிகளால் இடம் தவறியதும், எல்லாம் முடிந்தது என்று அழும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஓர் உயிரைக் கையில் ஏந்தும் வேலை வைத்தியருக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இத்துறைக்கெனத் தனிப் பட்டப்படிப்பு உள்ளது. மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது. பொறுமை, கணக்கில் கவனம், பதற்றப்படாத மனம் ஆகியவை இத்தொழிலின் மூலதனம். ஒரு தேக்கரண்டி உப்புக் கூடாமல் குறையாமல் நூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்த குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இவை புதியவையல்ல.

இனி யாராவது இதய சத்திரசிகிச்சை முடித்து ஊர் திரும்பினால் போய்ப் பாருங்கள். எத்தனை தையல் என்று கேளுங்கள், அதில் பிழையில்லை. அத்தோடு, "ஒப்பரேசனுக்கு முன்னம் உன்ட இரத்தம் எவ்வளவு இரிந்த?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அடுத்த கிளினிக்கில் தன்னுடைய அளவைக் கேட்டு அறிவாள்.